எதிர்வரிசையில் பாடியவன்

அன்றைக்கும் பாட்டு முதல் சரணத்தோடு கவிழப்போகிறது என்று எனக்குத் தெரியும். நான் கோட்டுக்கு வெளியே தேத்தண்ணிப் போத்தலோடு நின்றேன். டென்மார்க்கின் டோஸ்ட்ருப் மைதானம். புரட்டாதி மத்தியானம். வெயில் இருந்தது, சூடு இல்லை. வெட்டிய புல்லின் மணமும் யாரோ பொரித்துக் கட்டிக்கொண்டு வந்த றோல்ஸின் மணமும் கலந்து வந்தன.

எங்கள் பழைய மாணவர் உதைபந்தாட்ட லீக்கில் ஒரு வழக்கம். ஆட்டம் தொடங்க முன்னர் இரண்டு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நின்று அவரவர் கல்லூரிப் பாட்டைப் பாடவேண்டும். ஊரில் பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்றுதான் சொல்வோம். வேலங்காட்டுக் கல்லூரிக்காரர் முதலில் பாடினார்கள். பெரிய கல்லூரி, ஆட்களும் கனபேர், பாட்டும் கணீரென்று இருந்தது. பிறகு எங்கள் முறை. எங்கள் என்றால் என் வீட்டுக்காரர் படித்த ஆலங்கரைக் கல்லூரி. நான் படித்தது வேறு பள்ளிக்கூடம். ஆனால் இவரைக் கட்டிய நாளில் இருந்து அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது பாடம்.

முதல் சரணம் முடிந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்தார்கள். பிறகு வழக்கம்போலச் சொற்களைக் கைவிட்டு, "ம்ம்ம்" என்று இராகத்தை மட்டும் இழுக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது சரணம் எங்கள் அணியில் ஒருவருக்கும் தெரியாது. எத்தனையோ வருடமாக இப்படித்தான் இழுக்கிறார்கள். எனக்கு வெட்கத்தில் தலை நிமிராது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. சொற்களோடு, ஒரு இடத்திலும் தடுமாறாமல், இரண்டாவது சரணத்தை யாரோ பாடினார்கள்.

நான் எங்கள் வரிசையைப் பார்த்தேன். எல்லோருடைய வாயும் மூடித்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் வாயைப் பிளந்தபடி எதிரே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வரிசையில், வேலங்காட்டின் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பொடியன், கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்.

பந்து என் வீட்டுக்குள் வந்த விதம்

எனக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது. இதை இந்தத் தொடரில் முன்னரும் சொல்லியிருப்பேன், இன்னும் பத்துத் தரம் சொல்லவும் ஆயத்தம். இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுகிறதில் என்ன கண்டறியாத சுகம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் இக்காஸ்ட்டில் நாங்கள் வந்து குடியேறிய காலத்தில், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்றுமே இல்லை. கிழமை முழுக்கப் பின்னல் தொழிற்சாலையில் இரைச்சல். ஞாயிறு வந்தால் காதுக்குள் கூவுகிற மாதிரி ஒரு அமைதி. தெருவில் நாய்கூடக் குரைக்காது. அப்படி இருந்த ஊரில், இவர்தான் தன் கல்லூரிக்காரரை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து ஒரு அணி சேர்த்தார். இவருடைய பெயர் சிவனேசன். எல்லோருக்கும் நேசன் அண்ணை.

பிறகு மற்றக் கல்லூரிக்காரரும் சேர, ஏழு அணிகளோடு ஒரு லீக் உண்டானது. கோப்பன்ஹேகன் பக்கம் டோஸ்ட்ருப்பிலும் அல்பர்ட்ஸ்லுண்டிலும் சில அணிகள், யூலண்ட் பக்கம் சில அணிகள். வசந்தத்தில் தொடங்கிப் புரட்டாதியில் முடியும். முதல் நான்கு இடத்துக்குள் வருகிற அணிகள் கடைசி நாள் அரையிறுதி, இறுதி என்று விளையாடும். அந்த நாளுக்கு நாட்டில் உள்ள தமிழ்ச்சனம் முழுக்க வந்து குவியும். ஒலிபெருக்கியில் நான்கு கல்லூரிகளின் பெயரையும் கதையையும் வாசிப்பார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. ஒவ்வொரு அணியிலும் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவராவது எப்போதும் மைதானத்தில் நிற்கவேண்டும். பழைய மாணவர் லீக் அல்லவா, கிழவர்களுக்கும் இடம் வேண்டுமே. எங்கள் அணியில் அந்தக் கிழவர் என் வீட்டுக்காரர். அவரைப் பின்னால் விட்டால் கோல் வாங்கவேண்டி வரும் என்று முன்னால் விட்டிருந்தார்கள். அங்கே நின்றால் சேதம் குறைவு என்று எங்கள் கோல் காப்பாளன் றஞ்சன் அவருடைய முகத்துக்கு நேரேயே சொல்லுவான்.

ஆலங்கரை ஒருநாளும் அந்த நாலுக்குள் போனதில்லை. ஐந்தாவது, ஆறாவது, ஐந்தாவது, ஆறாவது. மாறி மாறி இதுதான்.

நின்றுபோன ஆட்டங்கள்

இரண்டாயிரத்து ஒன்பது. அந்த வருடம் வசந்தத்தில் ஒருவரும் பந்தைத் தொடவில்லை. யார் தொடுவது? ஊரில் போரை நிறுத்தச் சொல்லித் தை மாதத்தில் இருந்தே எல்லோரும் கோப்பன்ஹேகன் தெருவில் நின்றோம். வேலை முடிய ரெயின் ஏறி, பதாகையைப் பிடித்து, தொண்டை அடைக்கக் கத்தி, திரும்பவும் ரெயின் ஏறி வேலைக்குப் போனோம். வைகாசியில் எல்லாம் முடிந்தது. முடிந்த விதத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. வாசிக்கிற உங்களுக்கும் அது தெரியும், உங்கள் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரிந்திராது.

இவருடைய தமையன் குடும்பம் வன்னியில் இருந்தது. ஆனி மாதத்தில்தான், முகாமுக்குள் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியாது. இவர் கதைப்பதை விட்டுவிட்டார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார். வேலைக்குப் போ என்றால் போவார். சோபாவில் இருந்து தொலைக்காட்சியைப் பார்ப்பார், தொலைக்காட்சி ஓடாது. நான் திட்டினாலும் திரும்பிப் பேசமாட்டார். திட்டினால் திருப்பித் திட்டாத மனுசனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஆடியில் லீக்கைத் திரும்பத் தொடங்குவதா என்று கூட்டம் வைத்தார்கள். பெரிய சண்டை. "அங்கை சனம் முள்ளுக்கம்பிக்குள்ளை கிடக்குது, இஞ்சை உங்களுக்குப் பந்து கேக்குதோ?" என்று ஒருவர் மேசையில் அடித்தார்.

அப்போது இவர் எழும்பினார். வைகாசிக்குப் பிறகு நாலு பேர் முன்னால் இவர் வாய் திறந்தது அதுதான் முதல் தரம்.

"நேற்று அண்ணி ரெலிபோன் எடுத்தவ," என்றார். "முகாமுக்குள்ளை பொடியங்கள் பழந்துணியைச் சுத்திப் பந்து செய்து விளையாடுறாங்களாம். கூடாரக் கயித்தெல்லாம் அறுந்து போகுது எண்டு அண்ணி ஏசுறா. அங்கை நிக்கிறவங்களே விளையாடுறாங்கள். நாங்கள் நிப்பாட்டி ஆருக்கு என்ன?"

லீக் திரும்பத் தொடங்கியது அப்படித்தான்.

ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் இவர் இன்னொன்றும் சொன்னார். "இந்த வருசத்தை முடிப்பம். நாலுக்குள்ளை வந்தா மேலே யோசிப்பம். இல்லாட்டி இதோடை அணியைக் கலைச்சு விடுவம். எனக்கு ஏலாது."

ஆலங்கரையில் இப்போது சனமே இல்லை. ஊரை இராணுவம் எடுத்துப் பல வருடங்கள். கல்லூரிக் கட்டடத்துக்குக் கூரையும் இல்லையாம். அந்தக் கல்லூரியின் பெயரை வாயால் சொல்லி ஆட்கள் கூடுகிற ஒரே இடம், டென்மார்க்கில் உள்ள இந்தக் கண்டறியாத பந்து அணிதான். அதையும் கலைத்துவிட்டால் இவர் சோபாவை விட்டு எழும்புவதற்கு வேறு காரணம் இல்லை. ஆகவே உதைபந்தாட்டம் பிடிக்காத நான், அந்த வருடம், ஆலங்கரை நாலுக்குள் போகவேண்டும் என்று நேர்த்தி வைத்தேன்.

குசினி மேசைக் கணக்கு

தொடக்கத்தில் இரண்டு ஆட்டம் தோற்றோம். நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். பிறகு என்ன நடந்ததோ தெரியாது, ஆவணி பிறக்க எங்கள் ஆட்களுக்குக் கால் முளைத்தது. மணற்கரைக் கல்லூரியை வென்றோம். அடுத்ததையும் வென்றோம். அதற்கு அடுத்த ஆட்டத்தில் றஞ்சன் ஒரு தண்டனை உதையைத் தடுத்து, சமன் செய்து தந்தான். கடைசி ஆட்டம் மட்டும் மிச்சம் இருந்தபோது நாங்கள் ஐந்தாவது இடம். நாலாவதில் மணற்கரை, எங்களைவிட ஒரே ஒரு புள்ளி கூட.

அந்தக் கிழமை முழுக்கச் சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் எங்கள் குசினி மேசையில் வேறு பேச்சு இல்லை. லீக் சுற்றின் கடைசி ஞாயிறு, இடத்தைத் தீர்மானிக்கிற இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில். டோஸ்ட்ருப்பில் நாங்கள் வேலங்காட்டோடு. அல்பர்ட்ஸ்லுண்டில் மணற்கரை, கடைசி இடத்தில் கிடக்கிற அணியோடு.

நாங்கள் வென்று, மணற்கரை வெல்லாமல் விட்டால், நாங்கள் உள்ளே. நாங்கள் சமன் என்றால், மணற்கரை தோற்கவேண்டும். அப்போது புள்ளி சரிசமம், ஆவணியில் அவர்களை வென்றவர்கள் நாங்கள் என்பதால் இடம் எங்களுக்கு. நாங்கள் தோற்றால் கதை முடிந்தது.

"வேலங்காடு முதலாமிடம், அம்மா," என்றாள் மகள் துஷா. பதினைந்து வயது. தமிழில் தொடங்கி டேனிஷில் முடிப்பாள். "அவங்களை வெல்லுறது ஊமூலிட்."

நடக்காத காரியமாம்.

"வாயைக் கழுவு," என்றேன். "அவங்கள் ஏற்கெனவே உள்ளை போட்டாங்கள். இனி ஏன் விழுந்து விழுந்து ஓடப் போறாங்கள்? முதலாமிடத்திலை இருக்கிறவன் கடைசி ஆட்டத்திலை காலைக் காப்பாத்தத்தான் பாப்பான்."

துஷா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்குப் பந்து பிடிக்காது எண்டியள்?"

"பிடிக்காதுதான். நீ தேத்தண்ணியைக் குடி."

இவர் சோபாவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்திருந்தார். அதை நான் கவனித்தேன்.

பின்னேரப் பள்ளிக்கூடம்

மைதானத்துக்குத் திரும்பி வருகிறேன். பாட்டு முடிந்தது. நடுவராக வந்திருந்த வயதான டேனிஷ்காரர் விசிலை வாயில் வைத்தபடி எங்களையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

பொடியன் கண்ணைத் திறந்தான். தான் என்ன செய்துவிட்டான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் சுண்டிப் போயிற்று. பெயர் சுதா. இருபத்தைந்து வயது வரும். கலியாணம் கட்டி டோஸ்ட்ருப்புக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. அந்த லீக்கில் வேலங்காட்டுக்கு ஆகக்கூடக் கோல் அடித்தவன் அவன்தான்.

இவர் நேரே அவனிடம் போனார். "தம்பி, உமக்கு எங்கடை பாட்டு எப்பிடித் தெரியும்?"

"நான் ஆலங்கரைதான் அண்ணை," என்றான். "வாய் தானாய்ப் பாடிப்போட்டுது."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆலங்கரையை விட்டு எல்லோரும் ஓடி வந்தபோது, கல்லூரிக்கு இடம் இல்லை. வேலங்காட்டுக் கல்லூரி தன் கட்டடத்தைத் தந்தது. காலையில் அவர்களுடைய பிள்ளைகள் படிப்பார்கள். மத்தியானம் அவர்கள் கலைய, அதே வாங்கில் எங்கள் பிள்ளைகள் இருந்து பின்னேரம் மட்டும் படிப்பார்கள். சுதா சின்ன வகுப்பில் இருந்து அப்படித்தான் படித்தவன். ஆலங்கரைக் கட்டடத்தைக் கண்ணாலும் கண்டதில்லை.

கட்டடம் மற்றவர்களுடையது என்பதால், பாட்டையாவது முழுசாகப் பாடவேண்டும் என்று அப்போதிருந்த அதிபர் கட்டளை போட்டிருந்தாராம். இவருடைய காலத்தில் முதல் சரணத்தோடு விட்டுவிடுவார்கள், சொந்தக் கட்டடம் இருந்தது, அவசரம் இல்லை. ஓடிப்போன பிள்ளைகள்தான் முழுசாகப் படித்திருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் கண் கரித்தது.

"அப்ப எங்கடை பாட்டை எப்பிடிப் பாடினனீ?" என்று கேட்டார் பாலா. பாலா வேலங்காட்டின் தலைவர், பஸ் ஓட்டுகிறவர். புதிதாக வருகிற ஆட்டக்காரன் தன் கல்லூரிப் பாட்டைப் பாடிக் காட்டினால்தான் அணியில் சேர்ப்பார்கள். சுதா வேலங்காட்டுப் பாட்டைப் பாடித்தான் சேர்ந்திருந்தான்.

"ஒவ்வொரு நாளும் மத்தியானம் நீங்கள் பாடி முடியும் மட்டும் கேற்றடியிலை நிண்டு கேட்டனான் அண்ணை. அது பாடமாய்ப் போச்சு. எங்கை படிச்சனீ எண்டு கேட்டியள், வேலங்காட்டிலை, பின்னேரத்திலை எண்டு சொன்னன். பின்னேரத்தை ஒருத்தரும் கவனிக்கேல்லை. ஆலங்கரைக்கு இஞ்சை ஒரு அணி இருக்குதெண்டே எனக்கு முதல் தெரியாது."

"தெரிஞ்ச பிறகு சொல்லியிருக்கலாமே?" என்றார் பாலா.

சுதா கீழே பார்த்தான். "நீங்கள் எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்திட்டியள் அண்ணை. பேந்து எப்பிடிச் சொல்லுறது?"

பாலாவுக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

றஞ்சனின் யோசனை

றஞ்சன் கையுறையோடு ஓடி வந்து இவரை ஒரு பக்கம் இழுத்தான். நானும் போனேன். போகாமல் இருப்பேனா?

"அண்ணை, அடி சக்கை! வேற கல்லூரிக்காரனை வைச்சு விளையாடினா அந்த ஆட்டங்கள் எல்லாம் செல்லாது. விதி இருக்குது. புகார் எண்டு கொமிற்றியிட்டை ஒரு வார்த்தை சொன்னாக் காணும். வேலங்காட்டின்ரை புள்ளி எல்லாம் போகும். அவங்கள் கீழை, நாங்கள் நாலாவது. உதைக்கவே தேவையில்லை!"

அவன் சொன்னது சரி. நான் அப்போதே தலையாட்டிவிட்டேன். இன்றைக்கும் கேட்டால், புகார் கொடுப்பதில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் சொல்வேன். விதி விதிதான். சும்மா இரக்கப்பட்டு இருந்ததால் நாங்கள் எத்தனை விட்டோம்!

பாலாவும் இதை விளங்கிக்கொண்டுதான் நின்றார். மெல்ல வந்து, "நேசன் அண்ணை, புகார் குடுக்கிறதெண்டா குடுங்கோ. ஆட்டம் முடிஞ்சு அரை மணித்தியாலத்துக்கை சொல்லலாம். நான் மறுக்க மாட்டன்," என்றார்.

இவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார். "முதல் விளையாடுவம்," என்றார். அவ்வளவுதான்.

சுதா மஞ்சள் சட்டையைக் கழற்றிப் பாலாவிடம் கொடுத்துவிட்டான். ஆலங்கரைக்கு எதிராக விளையாட ஏலாது, ஆலங்கரைக்காக விளையாடவும் உரிமை இல்லை. ஒவ்வொரு அணியும் கொடி பிடிக்க ஒருவரைத் தரவேண்டும் என்பதால், வேலங்காட்டின் கொடியை வாங்கிக்கொண்டு கோட்டோரம் போய் நின்றான்.

கொடி

இடைவேளைக்கு முன்னர் வேலங்காடு ஒரு கோல் போட்டது. நான் சொன்ன மாதிரிக் காலைக் காப்பாற்றிக்கொண்டு ஒருவரும் நிற்கவில்லை. வெறிபிடித்த மாதிரி ஓடினார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உள்ளே போனவர்களுக்கு என்ன அந்தரம்?

இடைவேளைக்குப் பிறகு எங்கள் இடது பக்கத்துப் பொடியன் தூரத்தில் இருந்து ஒரு உதை உதைத்தான். பந்து கோல் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. நான் கத்திய கத்தலில் தேத்தண்ணி பக்கத்தில் நின்றவரின் சப்பாத்தில் ஊற்றுப்பட்டது.

துஷா ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அல்பர்ட்ஸ்லுண்டில் அவளுடைய சிநேகிதி. "அங்கையும் சமன்தான், அம்மா! ஒரு கோல் போட்டா நாங்கள் உள்ளை!"

இந்தச் செய்தி ஒரு நிமிடத்தில் மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. றஞ்சன் கோலை விட்டு அரை மைதானம் வரை வந்து கத்தினான். இவர் முன்னால் நின்றார். மூச்சு இழுத்தது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்றும் யோசித்தேன்.

நேரம் முடியப்போகிற கட்டம். ஒரு மூலை உதை. பந்து எகிறி விழுந்தது, பாலா அதை உதைத்து விலக்கினார். எங்கள் ஆள் ஒருவர் திரும்ப உள்ளே அனுப்பினார். அது இவருடைய முழங்காலுக்குக் கீழே பட்டு, மெல்ல, மிக மெல்ல உருண்டு கோலுக்குள் போனது.

நான் துள்ளினேன். துஷா என்னைக் கட்டிப்பிடித்தாள். பொடியங்கள் இவர்மேல் விழுந்தார்கள். என் வாயில் வந்த தெய்வத்தின் பெயர்களை எல்லாம் சொன்னேன்.

பிறகுதான் கொடியைக் கண்டேன்.

கோட்டோரத்தில் சுதா கொடியை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் கை இறங்கவில்லை. நடுவர் விசில் ஊதினார். ஒவ்சைட். பந்து வரமுன்னரே இவர் எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நின்றுவிட்டாராம். கோல் இல்லை.

"கோதாரி விழ!" என்று றஞ்சன் ஓடி வந்தான். "டேய், சொந்தக் கல்லூரிக்கே குழி தோண்டுறியோ?" எங்கள் பொடியங்கள் அவனைச் சூழ்ந்துவிட்டார்கள். நானும் வாயில் வந்தபடி ஏசினேன், எழுத ஏலாது.

இவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார். நான் பயந்துவிட்டேன். மாதக்கணக்கில் அடக்கி வைத்ததை எல்லாம் இந்தப் பொடியனில் கொட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எவ்வளவு தம்பி?" என்று கேட்டார்.

"ரெண்டடி அண்ணை." சுதாவின் கண்ணில் நீர் நின்றது. "ரெண்டடி முன்னுக்கு நிண்டனீங்கள். நான் என்ன செய்ய?"

"ரெண்டடியோ?" என்றார் இவர். "விசரா, மூண்டடி நிண்டனான்! எனக்குத் தெரியாதே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சும்மா புன்சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, கண்ணால் தண்ணி வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வைகாசிக்குப் பிறகு கேட்கவில்லை. எனக்கு ஏச்சு நின்றுவிட்டது. அந்த மைதானத்தில் ஒரு கோலை இழந்துவிட்டுச் சந்தோசத்தில் அழுத ஒரே ஆள் நான்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அல்பர்ட்ஸ்லுண்டிலும் சமன். மணற்கரை நாலாவது. நாங்கள் வழக்கம்போல ஐந்தாவது.

அரை மணித்தியாலம்

றஞ்சன் விடவில்லை. "அண்ணை, இன்னும் நேரம் இருக்குது. புகார் குடுப்பம். இப்ப குடுக்காட்டி எப்ப?"

நானும் இவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் நாலுக்குள். ஒலிபெருக்கியில் ஆலங்கரை என்று பெயர். அணி கலையாது. எனக்கு வேறு ஒன்றும் தேவையில்லை.

இவர் புல்லில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "றஞ்சன், அவன் எங்கடை பொடியன் எண்டு சொல்லி, அவனைக் காட்டியே அவங்களை விழுத்தினா, பேந்து அவன் ஆரின்ரை முகத்திலை முழிப்பான்? சப்பாத்து வாங்கிக் குடுத்தவங்களிட்டையும் போக ஏலாது, எங்களிட்டையும் வர ஏலாது. இருந்த இடமும் இல்லாமல் ஒருக்கா வளந்தவன். இன்னொருக்கா வேண்டாம்."

"அப்ப நாலாமிடம்?"

"போகட்டும்."

றஞ்சன் கையுறையை நிலத்தில் எறிந்தான். கொஞ்சத்தால் அவனே குனிந்து எடுத்தான். அரை மணித்தியாலம் போனது. பாலா வந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லோரும் ஒன்றாக இருந்து றோல்ஸ் சாப்பிட்டோம். சுதா ஒரு ஓரமாக நின்றான். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒரு தட்டைக் கொடுத்தேன். கோபம் கோபம்தான், பசி பசிதான்.

பாலத்தில்

இக்காஸ்ட்டுக்கு மூன்று மணித்தியால ஓட்டம். துஷா பின் இருக்கையில் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு தூங்கிவிட்டாள். இவர் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் ஓட்டினார். சிரிப்பு மைதானத்தோடு முடிந்துவிட்டது போலிருந்தது.

எனக்கு மனம் இருண்டு போயிற்று. சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை இவர். நாலுக்குள் போகவில்லை. இனி அணி இல்லை. அடுத்த ஞாயிறு சோபா, அதற்கு அடுத்த ஞாயிறும் சோபா. தை, மாசி, பங்குனி என்று குளிர்காலம் முழுக்கச் சோபா. முகாமில் இருந்து எப்போது ரெலிபோன் வரும் என்று அதையே பார்த்துக்கொண்டு இருப்பார். நான் என்ன செய்வேன்? கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டால் 'ஓம்' என்றுவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பெரிய பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல், பின்னேர வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளியது.

"இஞ்சை," என்றார் இவர். "அந்தப் பொடியனுக்கு என்ன சைஸ் வரும்?"

"எந்தப் பொடியனுக்கு?"

"சுதாவுக்கு. சேட் எடுக்கவேணுமெல்லே. வாற வருசம் அவன் எங்களோடை. பாலாவோடையும் கதைச்சிட்டன், சந்தோசமாய் விடுறன் எண்டார்."

"மீடியம் காணும்," என்றேன்.

"ஒரு லாஜ் எடுப்பம். பொடியன் இனிமேல்தான் உடம்பு வைப்பான்." முன்னால் போன லொறியை முந்தினார். "பத்தாம் நம்பரை அவனுக்குக் குடுப்பம்."

"பத்து உங்கடை நம்பரெல்லோ?"

"எனக்குப் பதினாலு காணும். நான் என்ன, இன்னும் ஒரு அஞ்சாறு வருசந்தானே விளையாடுவன்."

அஞ்சாறு வருசம் என்றார். நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பாலம் முடிந்து அடுத்த தீவும் முடியும் மட்டும் இவர் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார், யாரை எங்கே நிறுத்துவது, றஞ்சனுக்கு எப்படி வாய்ப்பூட்டுப் போடுவது என்று. நான் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.